பாதி மீசையோடு ஒரு டெம்போவைத் துரத்தினேன்

பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் வெள்ளை டெம்போவில்தான் வருவார்கள். பிஸ்கட்டில் மயக்க மருந்து தடவிக் கொடுப்பார்கள். அதைத் தின்ற பிள்ளை சிரித்துக்கொண்டே பின்னால் போய்விடும். இதையெல்லாம் நான் நம்பினேன். ஆறு வயதில் அல்ல. ஐம்பதைத் தாண்டி, மீசைக்குச் சாயம் பூசுகிற வயதில்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் ஏப்ரல் மாதம், பெங்களூரில், பொம்மசந்திராவில் நடந்தது இது. அந்த ஏப்ரலில் யார் கைப்பேசியைத் திறந்தாலும் பிள்ளை பிடிக்கிற கும்பல்தான். எந்த ஊர், எந்த வருஷம் என்று தெரியாத ஒரு வீடியோவில் ஒரு டெம்போ, துணிப்பையோடு நாலு பெண்கள், பின்னணியில் பயங்கரமான ஒரு இசை. எனக்கு வந்ததை நான் முப்பது பேருக்கு அனுப்பினேன். விழிப்புணர்வாம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி ஒருவருக்குப் பிறந்து, பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவன். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது முதலில் குறைந்தவர்களில் நானும் ஒருவன். அப்புறம் அதே பகுதியில் ஓர் அறக்கட்டளை நடத்திய விடுதியில் நிர்வாகி வேலை கிடைத்தது. சாமராஜநகர் பக்கத்து மலைக்காட்டில் இருக்கும் சோளகர் குடியிருப்பு ஒன்றிலிருந்து பதினோரு பிள்ளைகளை அழைத்து வந்து, தங்க வைத்துச் சோறு போட்டு, பக்கத்துப் பள்ளியில் படிக்க வைப்பது அந்த அறக்கட்டளையின் சேவை. அந்த மலையின் ஆதிக் குடிகள் சோளகர்கள். நாங்கள் அவர்களுக்கு நாகரிகம் கற்றுக்கொடுக்கிறோம் என்று எங்கள் செயலாளர் மேடையில் பேசுவார். அவர் பேசுவதை அப்படியே நடித்துக் காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது என் சேவை.

விடுதியில் ஒரு விதி உண்டு. பிள்ளைகள் ஆங்கிலமோ கன்னடமோதான் பேச வேண்டும். அவர்களுடைய சொந்தப் பேச்சு வாசலுக்கு வெளியே. அந்த விதியைப் பலகையில் எழுதி மாட்டியவன் நான்தான். எழுத்து அழகாக இருக்கிறது என்று செயலாளர் பாராட்டினார். எட்டு வயதில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள், வாயே திறக்க மாட்டாள். சோறு வேண்டுமா என்றால் தட்டை நீட்டுவாள், அவ்வளவுதான். அவளுக்கு ஏதோ குறை, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நானே செயலாளரிடம் சொல்லியிருந்தேன்.

மலையில் ராகி அறுவடை முடிந்ததும் அவர்களுக்கு ரொட்டிப் பண்டிகை வரும். அதற்குப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். மாதிரித் தேர்வு இருக்கிறது என்று சொல்லி அனுப்பவில்லை. ஏப்ரல், மே விடுமுறைக்கும் அனுப்புவதாக இல்லை. ஆங்கிலம் பேசும் பயிற்சி முகாம் ஒன்று ஏற்பாடாகியிருந்தது. முகாமின் முதல் நாளே நன்கொடையாளர்கள் வருவார்கள், பிள்ளைகள் தலையில் இறகு கட்டிக்கொண்டு ஆட வேண்டும். அந்தப் பிள்ளைகளின் ஊரில் யாரும் இறகு கட்டிக்கொள்வதில்லை. சிவாஜிநகரில் கிடைத்தது, வாங்கி வந்தோம்.

மார்ச் மாதம் ஒருநாள் ஒரு பெண் போன் செய்தார். அவர்கள் ஊர்க் கிராம சபையின் தலைவி. அந்த மலையில் பலருக்கும் தமிழ்நாட்டுத் தாளவாடிப் பக்கம் போய்வந்த பழக்கத்தில் தமிழ் வரும். இவருக்கு நன்றாகவே வந்தது.

"கிராம சபை கூடிச்சு சார். எல்லாரும் உக்காந்து பேசினோம். நம்ம பிள்ளைங்க மலையிலயே படிக்கட்டும்னு முடிவு பண்ணிட்டோம். ஜூன்ல எங்க ஸ்கூல் தொறக்குது. வாத்தியாருங்க ரெண்டு பேரும் எங்க ஊரு பசங்கதான். பரீச்சை முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறோம்."

ஆகட்டும் அம்மா, தாராளமாக வாங்க, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றேன்.

"சாப்பாட்டுக்கு இல்ல சார். பிள்ளைங்களுக்கு" என்றார்.

போனை வைத்துவிட்டு நேராகச் செயலாளரிடம் போய், தலைவியின் குரலில், கையை எல்லாம் ஆட்டி, கிராம சபை முடிவை நடித்துக் காட்டினேன். அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அவங்க முடிவு பண்ணட்டும், நம்ம கமிட்டி அப்புறம் முடிவு பண்ணும் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கிராம சபை என்றால் என் மனதில் இருந்த படம் வேறு. குடியரசு தினத்தன்று மைக் கட்டி, யாரோ எழுதிக் கொடுத்ததை யாரோ படித்து, எல்லோரும் கேசரி பாத் சாப்பிட்டுக் கலைவார்கள். அங்கே ஒரு முடிவு எடுக்கப்படும், அது என்னைக் கட்டுப்படுத்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தேர்வுக்கு முந்தின வாரம் அவர் மறுபடியும் போன் செய்தார். கடைசிப் பரீட்சை என்றைக்கு என்று கேட்டார். சொன்னேன். அதற்கு அடுத்த நாள் வண்டியோடு வருகிறோம் என்றார். வாங்கம்மா, வாங்க என்றேன். அந்த இரண்டு போனும் என் மூளையில் 'பார்வையாளர்கள், வாழைப்பழத்தோடு வருவார்கள்' என்ற பெட்டியில் விழுந்து, மூடிக்கொண்டன.

அந்த அடுத்த நாளும் வந்தது. நான் எங்கே இருந்தேன்? முடிவெட்டும் கடையில். நன்கொடையாளர்கள் வரப்போகிறார்களே, நிர்வாகி இளமையாக இருக்க வேண்டாமா? சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, பனியனோடு உட்கார்ந்து, கழுத்தில் துணி கட்டி, மீசைக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசி சட்டைப் பையில். அது அடித்து அடித்து ஓய்ந்தது எனக்குத் தெரியாது. கடைத் தொலைக்காட்சியில் சண்டைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

வலது பக்க மீசை முடிந்து தூரிகை இடது பக்கம் வந்தபோதுதான் கடைக்காரர் போனை எடுத்துக் கையில் கொடுத்தார். விடுதியில் சமைக்கிற அக்கா. கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், பதறாத மனுஷி.

"சார், எத்தன வாட்டி போன் பண்றது? மலையில இருந்து வந்திருக்கோம்னு டெம்போல பத்துப் பேரு வந்தாங்க. உங்களுக்காக ஒரு மணி நேரமா உக்காந்திருந்தாங்க, டீ போட்டுக் குடுத்தேன். இப்ப பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. சாருகிட்ட சொல்லிருங்கன்னாங்க."

பிள்ளைகள் அழுதார்களா என்று கேட்டேன். அழவில்லை, சிரித்துக்கொண்டே ஏறினார்கள் என்றார்.

சிரித்துக்கொண்டே! பிஸ்கட் கொடுத்தார்களா என்று கேட்டேன். ஆமாம், ஒரு பொட்டலம் பிரித்துக் கொடுத்தார்கள் என்றார். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஆனாலும் நிர்வாகி அல்லவா, கடைசியாக ஒரு சோதனைக் கேள்வி கேட்டேன்: அந்தப் பேசாத பிள்ளையை அவள் அம்மாதான் தூக்கிப் போனாளா?

"யாரு அம்மான்னு எனக்கு எப்படி சார் தெரியும்? அந்தப் புள்ள மூணு பேர அவ்வா, அவ்வான்னு கூப்பிட்டுச்சு."

ஒரு பிள்ளைக்கு மூன்று அம்மாக்கள். வேறு என்ன ஆதாரம் வேண்டும்? பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். என் அம்மாவுடன் பிறந்தவர்கள் மூன்று பேர், அத்தனை பேரையும் நான் பெரியம்மா, சின்னம்மா என்று அம்மா சேர்த்துத்தான் கூப்பிட்டு வளர்ந்தேன் என்பது அந்த நிமிஷம் எனக்கு நினைவில்லை. பேசாத பிள்ளை கூப்பிட்டிருக்கிறாள் என்பதும் உறைக்கவில்லை.

சட்டையை மறந்துவிட்டேன். கழுத்துத் துணியோடு, பனியனோடு, வலது மீசை கறுப்பாகவும் இடது மீசை வெள்ளையாகவும் தெருவில் ஓடி ஓர் ஆட்டோவில் விழுந்தேன். ஆட்டோக்காரர் சிவாஜிநகர்க்காரர், எல்லா பாஷையும் கலந்து பேசுகிறவர். கண்ணாடியில் என்னை இரண்டு முறை பார்த்தார்.

"சாப், வீட்ல சண்டையா? பாதியிலயே ஓடி வந்துட்டீங்க போல."

பிள்ளை பிடிக்கிற கும்பல், பதினோரு பிள்ளைகள், வெள்ளை டெம்போ என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அவர் கைப்பேசிக்கும் அந்த வீடியோ வந்திருந்தது. நான் அனுப்பிய முப்பது பேர் வழியாகச் சுற்றி வந்ததாகக்கூட இருக்கலாம். வண்டி பறந்தது.

ஓசூர் சாலையில் ஏறுவதற்கு முன்னால் இருக்கும் சந்திப்பிலேயே டெம்போ நின்றுகொண்டிருந்தது. மதியம் ஷிப்ட் மாறுகிற நேரம். கம்பெனி பஸ்கள் வழியை அடைத்திருந்தன. சாப்பாட்டுப் பையோடு இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களுமாக ரோடு முழுக்க ஆட்கள். பின் ஜன்னலில் எங்கள் விடுதிப் பிள்ளை ஒன்றின் தலை தெரிந்தது.

நான் அப்போது என்ன செய்திருக்கலாம் என்று பிற்பாடு ஆயிரம் தடவை யோசித்திருக்கிறேன். டெம்போவின் அருகே போய், யாருங்க நீங்க என்று கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. நான் செய்தது வேறு. ஆட்டோவிலிருந்து குதித்து, நடு ரோட்டில் நின்று, பிள்ளை பிடிக்கிறவர்கள், பிடியுங்கள் என்று கத்தினேன். தமிழில் கத்தினேன். யாருக்கும் விட்டுப்போய்விடக் கூடாது என்று கன்னடத்திலும் கத்தினேன். இந்தி எனக்கு வராது. அன்றைக்கு அதுவும் வந்தது.

ஒரு கூட்டம் எவ்வளவு சீக்கிரம் உண்டாகிறது என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். டெம்போவைச் சுற்றி ஐம்பது பேர், நூறு பேர். டிரைவரைக் கதவு வழியாக இழுத்துக் கன்னத்தில் அறைந்தார்கள். அவர் அந்த மலைக்காரர்கூட இல்லை, வாடகைக்கு வந்தவர். டிரைவரை விடச் சொல்லிக்கொண்டே ஒரு பெரியவர் கைகூப்பியபடி இறங்கினார். யாரோ ஹெல்மெட்டைச் சுழற்றி அவர் புருவத்தில் அடித்தார்கள். முன் கண்ணாடியில் ஒரு கல் விழுந்தது. எல்லாக் கைகளிலும் கைப்பேசி, எல்லாம் படம் எடுத்துக்கொண்டிருந்தன.

உண்மையைச் சொல்கிறேன், அந்த முதல் நிமிஷத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. என் ஒரு குரலுக்கு இத்தனை பேர்.

அப்போதுதான் கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய் டெம்போவின் பக்க ஜன்னலில் ஒட்டியது. உள்ளே, என் முகத்துக்கு நேராக, அந்தப் பேசாத பிள்ளை. ஒரு பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், அவள் பாஷையில், பயந்துபோய் ஏதேதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. குறை என்று இருந்ததெல்லாம் நான் அழகாக எழுதி மாட்டிய பலகைதான்.

அவளை வைத்திருந்த பெண்ணுக்குப் பக்கத்தில், என் வயது இருக்கும், ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். என் மீசையையும் பார்த்தார்.

"சார், நான்தான். போன்ல பேசினேனே."

போனில் கேட்ட அதே குரல். நான் நடித்துக் காட்டிய குரல்.

திரும்பி நின்று கூட்டத்தைப் பார்த்து, இல்லை, இவர்கள் பிள்ளைகளைப் பெற்றவர்கள், நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று கத்தினேன். மூன்று பாஷையிலும்தான். கெட்ட செய்தியை நம்பினவர்கள் நல்ல செய்தியை நம்பவில்லை. பனியனும், கழுத்தில் துணியும், பாதி மீசையுமாக ஒருத்தன் முதலில் திருடன் என்கிறான், அப்புறம் இல்லை என்கிறான். ஓர் இளைஞன் என் தோளைப் பிடித்தான். "இவனூ அவர ஜொத்தேனே," இவனும் அவர்கள் ஆள்தான் என்றான். அது வரைக்கும் அடுத்தவர்களுக்காகப் பயந்துகொண்டிருந்தவன், அங்கிருந்து எனக்காகப் பயப்பட ஆரம்பித்தேன். தப்பி ஓட வழி இருக்கிறதா என்று நான் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த அம்மா ஓடவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். அவர்கள் பாஷையில் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கினார்கள். இறங்கினவர்கள் அப்படியே ரோட்டில், கொதிக்கிற தாரில், வட்டமாக உட்கார்ந்தார்கள். பிள்ளைகளை நடுவில் வைத்துக்கொண்டார்கள். புருவத்தில் ரத்தம் வழிய அந்தப் பெரியவரும் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். அவர்கள் ஊரில் சபை கூடுவது அப்படித்தான் என்பது எனக்கு அப்புறம் தெரிந்தது. அன்று அந்தச் சந்திப்பில் கிராம சபை கூடியது.

அந்த அம்மா கூட்டத்தைப் பார்த்துக் கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார்: போலீஸைக் கூப்பிடுங்கள், அவர்கள் வரும் வரை நாங்கள் இங்கேதான் இருப்போம். அவ்வளவுதான்.

ஓடுகிறவனை அடிக்கக் கை தானாக வரும். உட்கார்ந்துகொண்டு போலீஸ் வரட்டும் என்கிறவர்களை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. முன்வரிசையில் நின்ற ஒரு கம்பெனிப் பெண் தன் தண்ணீர்ப் பாட்டிலைப் பிள்ளைகள் பக்கம் நீட்டினாள். என் தோளைப் பிடித்திருந்த பையன் பிடியை விட்டான். நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல், வட்டத்துக்கு வெளியே, ஆட்டோ சக்கரத்தின் ஓரமாக உட்கார்ந்தேன்.

போலீஸ் வந்து எல்லோரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. பெரியவருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக் கூட்டி வந்தார்கள். அவர் அந்தப் பேசாத பிள்ளையின் தாய்மாமன். சப்-இன்ஸ்பெக்டர் பொறுமைசாலி; எந்தப் பிள்ளை யார் மடியில் என்று பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும், அவருக்கும் விளங்கியது. ஆனால் எங்கள் செயலாளர் போனில் வந்தார். பிள்ளைகள் அறக்கட்டளையின் பொறுப்பு, இவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிப் போயிருக்கிறார்கள், விடுதிக்குத் திருப்பி அனுப்புங்கள், எங்கள் கமிட்டி பேசி முடிவு சொல்லும் என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள்தானே மேனேஜர்? இவர்கள் வருவது உங்களுக்கு முன்பே தெரியுமா, தெரியாதா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

எல்லாம் அந்த ஒரு பதிலில் நின்றது. தெரியாது என்றால் பிள்ளைகள் அன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது. பெற்றவர்கள் மேல் வழக்குக்கூட வரலாம். தெரியும் என்றால், தெரிந்தே நூறு பேரை ஏவிவிட்ட முட்டாள் நான், வேலையும் போய்விடும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளைகளும் பார்த்தார்கள். அவர்களைச் சிரிக்க வைக்கிறவன் அல்லவா நான், இப்போது என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்தார்கள்.

ஞாபகம் இல்லை என்றேன்.

அந்த அம்மா என்னோடு வாதாடவில்லை. தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் முற்றத்து மரத்தடிக்குப் போனார். மறுபடியும் வட்டம். மெதுவாக ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். நடுநடுவே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தையல் போட்ட பெரியவர் கையை என் பக்கம் நீட்டி ஏதோ சொன்னார். என்னை எப்படி அடிப்பது என்றுதான் பேசுகிறார்கள் என்று நினைத்து, நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சப்-இன்ஸ்பெக்டர் மேஜையை நோக்கி நகர்த்தினேன். அவர் எரிச்சலோடு, மடியில் வந்து உட்காருகிறீர்களா என்று கேட்டார்.

கடைசியில் அந்த அம்மா எழுந்து வந்தார்.

"உங்க மேல கம்ப்ளெயின்ட் குடுக்கலாமான்னு பேசினோம் சார். பாதிப் பேரு குடுக்கலாம்கிறாங்க, பாதிப் பேரு வேணாம்கிறாங்க. முடிவாகல. ஊருக்குப் போயி எல்லாரும் உக்காந்துதான் முடிவு பண்ணணும்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அதுவரைக்கும் நீங்க பயப்படலாம்."

அதைச் சொன்னபோது அவர் உதட்டோரம் லேசாக ஒன்று அசைந்தது. ஒரு கோமாளிக்கு இன்னொரு கோமாளியைத் தெரியும். ஆனால் அது வெறும் கேலி இல்லை. அவர்கள் எதையும் முடிவு செய்ய முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவனைப் பற்றி அவர்கள் முடிவு செய்யப் போகிறார்கள். என் காலத்தில் என்னைப் பற்றி முடிவெடுத்தவர்கள் யாரும் என்னிடம் வந்து, இப்படிப் பேசினோம், இன்னும் முடியவில்லை என்று சொன்னதில்லை. கம்பெனி சொல்லவில்லை. சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்பது என் அப்பாவுக்கு டீக்கடையில்தான் தெரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து அவர், நம்மளையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். அந்த அப்பாவின் மகன்தான் இரண்டு தடவை போனில் வந்து சொன்னவர்களைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னவன்.

நான் எழுந்து சப்-இன்ஸ்பெக்டரிடம் போய், ஞாபகம் வந்துவிட்டது என்றேன். இரண்டு தடவை சொன்னார்கள், நாளும் சொன்னார்கள், நான்தான் சரி வாங்க என்றேன், கத்தினதும் நான்தான். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, முதலில் மீசையைக் கழுவிவிட்டு வாருங்கள், அப்புறம் எழுதிக்கொள்கிறேன் என்றார். சாயம் காய்ந்து ஊறியிருந்தது. போகவில்லை. பாதி மீசையோடுதான் கையெழுத்துப் போட்டேன்.

வெயில் இறங்குவதற்குள் டெம்போ கிளம்பிவிட்டது. பிள்ளைகள் கையாட்டவில்லை. எனக்கு வேலை அன்று மாலையே போனது. செயலாளர் போனில் அதைச் சொன்னபோது அவரை மாதிரியே பேசிக் காட்ட வேண்டும் என்று வழக்கம்போல நாக்கு அரித்தது. அடக்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் நான் பயந்த பயம் இருக்கிறதே! தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் கடன் அட்டை விற்கிறவரிடமே மன்னிப்புக் கேட்டேன். மனைவிக்கு ஒரே கொண்டாட்டம். தினமும் சாப்பாடு போடும்போது, என்ன, தீர்ப்பு வந்துச்சா என்பாள்.

"எனக்குத் தெரிஞ்சு உங்களப் பத்தி ஒரு ஊரே உக்காந்து யோசிக்கிறது இதான் முதல் தடவை. நான் மட்டும்தான் இத்தன வருஷமா யோசிச்சுட்டிருந்தேன்."

ஜூலையில் அந்த அம்மாவின் போன் வந்தது. சபை மூன்று முறை கூடிப் பேசியதாம். பெரியவர் கடைசி வரைக்கும் புகார் கொடுக்கலாம் என்றே சொன்னாராம். கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்ட முடிவு இது: புகார் வேண்டாம். நான் மலைக்கு வந்து, சபைக்கு நடுவில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்.

சரி அம்மா, வருகிறேன் என்றேன். இவ்வளவுதானா என்று உள்ளுக்குள் குதித்தேன். பேச்சுத்தானே, அது என் தொழில்.

"இன்னொண்ணு சார். சிரிக்க வைக்கக் கூடாது."

போனேன். பஸ் மாறி, ஜீப் பிடித்து, மழை ஈரத்தில் மலை ஏறினேன். அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வகுப்பில் பிள்ளைகள் ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு குரல் எல்லாக் குரலையும் விட உரக்கக் கேட்டது. யார் குரல் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்தேன். நேர் எதிரே அந்தப் பெரியவர்; புருவத்தில் தழும்பு.

அன்று நான் மீசைக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தபோது என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா கையை லேசாக உயர்த்தினார். நிறுத்தினேன். மறுபடியும் ஆரம்பித்தேன், பிஸ்கட் வந்தது, அவரே நிறுத்துவதற்கு முன்னால் நானே நிறுத்தினேன். மூன்றாவது தடவை சொல்லி முடித்தேன். முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முடிஞ்சுதா என்று பெரியவர் கேட்டார். முடிந்தது ஐயா என்றேன். அவர் தலையாட்டினார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்றும் நண்பர்கள் இந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் நான் மீசையில்தான் தொடங்குகிறேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். வெட்கத்தை மறைத்துக்கொள்ள எனக்கு இன்னும் அந்தப் பாதி மீசை தேவைப்படுகிறது. ஆனால் அந்த வட்டத்தில் உட்கார்ந்து நான் சொன்னதில் மீசை இல்லை, ஆட்டோ இல்லை, பிஸ்கட்டும் இல்லை. பெற்றவர்கள் இரண்டு முறை சொல்லிவிட்டு வந்து, தங்கள் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் அவர்களைத் திருடர்கள் என்று கத்தினேன்.